செல்லுலேஸ்: சொல் விளக்கம்

தாவரச் செல்சுவரின் முதன்மைப் பொருளான செல்லுலோஸை உடைத்துச் சர்க்கரையாக்கும் நொதிகளின் பொதுப்பெயர் செல்லுலேஸ். 'லோ'வுக்கும் 'லே'வுக்கும் நடுவே உள்ள ஒரு துணைக்கால்தான் உடைபடுவதையும் உடைப்பதையும் வேறுபடுத்துகிறது. அச்சுப்பிழை நேர்ந்தால் பொருளே தலைகீழாகிவிடும்.

இச்சொல்லின் இரு பாதிகளிலும் ஒரே மனிதரின் பங்கு உண்டு. பிரெஞ்சு வேதியியலாளர் அன்செல்ம் பாயென், 1833-இல் சக வேதியியலாளர் பெர்சோவுடன் சேர்ந்து, முளைகட்டிய தானியத்திலிருந்து மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் டயஸ்டேஸ் என்னும் நொதியைப் பிரித்தார். 1838-இல் செல்லுலோஸையும் அவரே பிரித்தெடுத்தார். 'சிற்றறை' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து செல்லுலோஸ் என்னும் பெயர் அமைந்தது. டயஸ்டேஸின் ஈறான 'ஏஸ்' பின்னாளில் பெரும்பாலான நொதிகளுக்குப் பொது விகுதியாயிற்று. அந்த ஈற்றுக்குத் தனியே பொருள் இல்லை. ஆகவே அதை மொழிபெயர்க்க முயல்வது வீண்வேலை.

இரண்டாம் உலகப்போரின்போது சாலமன் தீவுகளில் இராணுவத்தின் பருத்திக் கூடாரத் துணிகளை அரித்த பூஞ்சையிலிருந்து வந்ததே இன்று தொழிற்சாலைகளில் பெரிதும் பயன்படும் டிரைக்கோடெர்மா ரீசி. அது சுரக்கும் நொதிகளில் ஒருவகை செல்லுலோஸ் சங்கிலியை நடுவில் வெட்டும். மற்றொருவகை நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸ் அலகுகளாகக் கழற்றும். மூன்றாம் வகை அந்த இணைகளையும் பிரித்துத் தனிக் குளுக்கோஸாக்கும். திருப்பூரில் 'பயோ வாஷ்' என்று சொல்வது இதன் வேலைதான்: ஏறக்குறைய 50 டிகிரி வெந்நீரில் பின்னலாடை சுழலும்போது, மேலே துருத்தி நிற்கும் நுண்ணிழைகளை நொதி அரித்துத் தள்ளுவதால் துணி மழமழப்பாகிறது. நேரம் தப்பினால் துணியே வலுவிழக்கும். ஆகவே அளவோடு நிறுத்தி, சூட்டை ஏற்றி நொதியைச் செயலிழக்கச் செய்வார்கள்.

தமிழில் நொதி என்ற சொல் நமக்கு நன்றாகவே வாய்த்திருக்கிறது. என்சைம் என்பதன் கிரேக்க வேரும் புளிப்பேற்றும் பொருளையே குறிக்கிறது. இலங்கையில் நொதியம் என்பர். செல்லுலேஸைத் தமிழில் 'செல்லுலோஸ் சிதைநொதி' எனச் சுருக்கினால், சிதைப்பதா, தானே சிதைவதா என்ற மயக்கம் வரும். எனவே 'செல்லுலோஸ் சிதைப்பு நொதி' என்பதே பொருத்தம். 'நார்ச்சிதைப்பு நொதி' கேட்க இனிதெனினும், நாரில் செல்லுலோஸ் மட்டுமா இருக்கிறது? செல்சுவரின் பிற பொருள்களைச் சிதைக்கும் சைலனேஸ், பெக்டினேஸ் ஆகிய நொதிகளையும் சேர்த்துச் சொல்லும்போது 'செல்சுவர்ச் சிதைப்பு நொதிகள்' எனலாம். இலங்கை வாசகருக்கு அது கலச்சுவர்.