காற்றாலை எத்தனை, பேட்டரி எவ்வளவு? பைப்ஸா கணக்குப் போடும் விதம்

தமிழ்நாட்டில் மே முதல் செப்டம்பர் வரை காற்று சீசன். அக்டோபர் பிறந்ததும் காற்று ஓய்ந்துவிடும்; வடகிழக்குப் பருவமழை மேகம் வெயிலையும் மறைக்கும். மாநிலத்தில் ஏற்கெனவே 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. இனிமேல் சேர்க்க வேண்டியது காற்றாலையா, சூரியத் தகடா, பேட்டரியா, கடம்பாறையைப் போல, மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேலே ஏற்றிவைத்துச் சேமிக்கும் இன்னொரு நீரேற்று மின்நிலையமா? ஒவ்வொன்றிலும் எவ்வளவு?

இதற்கு விடை தேடும் திறந்தமூலக் கருவிகள் பல உண்டு. நாட்டளவில், பல பத்தாண்டுகளுக்கான திட்டமென்றால் ஓசிமோசிஸ் எளிது. நிரல் எழுதப் பிடிக்காதவர்களுக்கு கலையோப்பி. எல்லாவற்றையும் யாமல் (YAML) என்ற எளிய உரைக் கோப்பிலேயே எழுதிவிடலாம். மின்கம்பித் தடத்தையும் மணிக்கு மணி நிலவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் பைப்ஸாவே (PyPSA) பொருத்தம். ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் உயராய்வு நிறுவனத்தில் தொடங்கி, இப்போது பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வளரும் பைத்தான் நூலகம் அது.

அடிப்படை ஒரே ஒரு கணக்குதான். ஆண்டின் 8,760 மணி நேரத்திலும் உற்பத்தியும் தேவையும் சமமாக இருக்க வேண்டும். அந்த நிபந்தனைக்குள் மொத்த ஆண்டுச் செலவு மிகக் குறைவாக இருக்கும் கலவையைக் கண்டுபிடிக்க வேண்டும். கணிதத்தில் இதை நேரியல் திட்டமிடல் என்பார்கள். முதலில் ஒரு முனை, அதாவது மின்சாரம் வந்து சேர்ந்து பிரியும் சந்திப்புப் புள்ளி, போடுகிறோம். அதில் மின்தேவையை மாட்டுகிறோம். சூரிய மின்நிலையம், காற்றாலை, அனல் நிலையம், பேட்டரி ஒவ்வொன்றையும் அதே முனையில் இணைக்கிறோம். புதிதாகக் கட்டப்போவதற்கு மட்டும் ‘அளவை நீயே தீர்மானி’ என்ற குறியைப் போட வேண்டும். கடம்பாறையின் 400 மெகாவாட் ஏற்கெனவே இருப்பதால் அதற்குக் குறி கிடையாது. எண்ணை அப்படியே கொடுத்துவிடலாம். ஒரு முனை, ஏழெட்டுப் பொருள் என்றால் அறுபதாயிரம் மாறிகள் அளவுக்கு வரும். இந்த வகைக் கணக்கைத் தீர்க்கும் மென்பொருளுக்கு சால்வர் என்று பெயர். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் இலவச சால்வரான ஹைஸ் (HiGHS), சாதாரண மடிக்கணினியிலேயே இதைச் சில நிமிடங்களில் தீர்த்துவிடும்.

ஆக, கருவியும் இலவசம், சால்வரும் இலவசம். தவறான விடை வருவது பெரும்பாலும் உள்ளே போடும் எண்களால்தான்.

முதலில் செலவு. கட்டுமானச் செலவை அப்படியே போடக்கூடாது. வீட்டுக் கடனை மாதத் தவணையாக்குவது போல ஆண்டுத் தவணையாக்க வேண்டும். வட்டியை ஆயுளுக்கேற்ற காரணியாக மாற்றும் சூத்திரம் இது: r ÷ (1 − (1+r)⁻ⁿ). r வட்டி விகிதம், n ஆயுள் ஆண்டு. சூரிய மின்நிலையம் மெகாவாட்டுக்கு 4 கோடி ரூபாய், ஆயுள் 25 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10% என்றால் காரணி 0.110, ஆண்டுக்கு 44 லட்சம். 7% என்றால் காரணி 0.086, 34 லட்சம். தகட்டின் விலை ஒரு பைசா மாறவில்லை, ஆனால் வட்டி 7%-இலிருந்து 10% ஆனதும் ஆண்டுச் செலவு கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. சூரியன், காற்று இரண்டுக்கும் எரிபொருள் செலவு இல்லை, எல்லாம் முன்முதலீடு என்பதால் வட்டி விகிதம் அவற்றை அனல் நிலையத்தைவிடக் கடுமையாகத் தாக்கும். அனல் நிலையத்தின் ஓடும் செலவை யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்திருந்தால், பைப்ஸாவில் 5,000 என்று எழுத வேண்டும். அங்கே அலகு மெகாவாட் மணி. வெறும் 5 என்று போட்டுவிட்டால் மாடல் ஒரு காற்றாலைகூடக் கட்டாது. பிழைச் செய்தியும் வராது.

அடுத்தது வானிலை. பைப்ஸாவின் துணைக் கருவியான அட்லைட், ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈ.ஆர்.ஏ.5 தரவிலிருந்து மணிக்கு மணி காற்று, வெயில் அளவை எடுத்து, எந்த வேகத்துக்கு எவ்வளவு மின்சாரம் என்று காட்டும் காற்றாலையின் திறன் வளைவு வழியாக மின் உற்பத்தியாக மாற்றித் தரும். ஈ.ஆர்.ஏ.5-இன் ஒரு கட்டம் நம் அட்சரேகையில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் அகலம். ஆரல்வாய்மொழிக் கணவாயும் அதன் இருபுறத்து மலையும் அந்த அகலத்துக்குள் ஒன்றாகக் கலந்துவிடும். கணவாய்க்குள் பாயும் காற்றின் வேகம் அதில் தெரியாது. 250 மீட்டர் துல்லியமுள்ள உலகக் காற்று வரைபடத்திலிருந்து அந்த இடத்தின் சராசரி வேகத்தை எடுத்து, ஈ.ஆர்.ஏ.5 சராசரியோடு உள்ள விகிதத்தால் ஒவ்வொரு மணி நேர வேகத்தையும் பெருக்கித் திருத்த வேண்டும். திருத்தம் வேகத்தில்தான், மின் உற்பத்தியில் அல்ல. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகம் 10% குறைவாகத் தெரிந்தாலே ஆற்றல் 27% குறைவாகத் தெரியும்.

நேர மண்டலம் இன்னொரு பொறி. ஈ.ஆர்.ஏ.5 உலகப் பொது நேரத்தில் (UTC) இருக்கும். நம் மின்தேவைத் தரவு இந்திய நேரத்தில், 15 நிமிடத் துண்டுகளாக, நாளுக்கு 96. அப்படியே ஒட்டினால் உச்சி வெயில் காலை ஏழு மணிக்கு முன்பே அடிக்கும், ஒரு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மாடலோ பிற்பகல் முழுவதற்கும் பேட்டரி கேட்கும். ஐந்தரை மணி நேரத்தில் அந்த அரை மணிதான் தொல்லை என்று தோன்றும். ஆனால் 15 நிமிடத் துண்டுகள் இங்கே கைகொடுக்கின்றன: இந்திய நேரம் 11:30 முதல் 12:30 வரையுள்ள நான்கு துண்டுகளின் சராசரி, பொது நேரம் 6:00 முதல் 7:00 வரையான ஒரு மணி நேரத்தோடு சரியாகப் பொருந்தும். மாடல் முழுவதையும் பொது நேரத்தில் வைத்துக்கொண்டு, வரைபடம் போடும்போது மட்டும் மாற்றினால் போதும். ஈ.ஆர்.ஏ.5-இல் வெயில் அளவு, முத்திரையிட்ட மணிக்கு முந்தைய ஒரு மணி நேரத்தின் கூட்டுத்தொகை என்பதையும் மறக்கக்கூடாது.

பத்து ஆண்டுத் தரவைச் சராசரியாக்கி ஒரே ஆண்டாகக் கொடுப்பவர்கள் உண்டு. கொடுக்கவே கூடாது. ஓர் ஆண்டு நவம்பர் 12-இல் காற்று செத்துக் கிடக்கும், இன்னோர் ஆண்டு 19-இல். சராசரியில் இரண்டுமே மறைந்து, எல்லா நாளும் மிதமான காற்று வீசுவதாகத் தோன்றும். பேட்டரி தேவையில்லை என்று மாடல் சொல்லிவிடும். ஒவ்வோர் ஆண்டையும் தனித்தனியாக ஓட்டிப் பார்ப்பதே சரி.

கணினிக்குச் சுமை குறைய, மூன்று மணி நேரத்துக்கு ஒரு படி என்று தரவைச் சுருக்கலாம். அப்போது ஒவ்வொரு படிக்கும் எடை 3 என்று சொல்ல வேண்டும். பைப்ஸாவின் அட்டவணையில் எடைக்கு மூன்று நெடுவரிசைகள் உண்டு: செலவுக்கு ஒன்று, சேமிப்புக்கு ஒன்று, உற்பத்திக்கு ஒன்று. செலவு வரிசையை மட்டும் மாற்றிவிட்டுச் சேமிப்பு வரிசையில் 1 என்றே விட்டால், 4 மணி நேர பேட்டரி 12 மணி நேரம் ஓடும். முடிவு அழகாக இருக்கும், பேட்டரி அதிசயமாக மலிவாகத் தெரியும்.

பேட்டரியைக் கொடுக்க இரண்டு வழி. சேமிப்பு அலகாகக் கொடுத்தால் திறனுக்கும் கொள்ளளவுக்கும் உள்ள விகிதத்தை நாமே முன்கூட்டிக் கட்டிவைக்கிறோம். கிடங்கு ஒன்று, ஏற்றும் இணைப்பு ஒன்று, இறக்கும் இணைப்பு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தால் எத்தனை மணி நேர பேட்டரி வேண்டும் என்பதையும் மாடலே சொல்லும். ஏற்றுவதில் 90%, இறக்குவதில் 90% என்றால் போய்த் திரும்புவது 81%. சுழற்சி நிபந்தனையையும் போட வேண்டும்: ஆண்டு முடிவில் இருப்பு தொடக்கத்தில் இருந்த அளவுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால், நிறைந்த அணையோடு தொடங்கும் மாடல் அதை டிசம்பருக்குள் இலவசமாகக் காலி செய்துவிடும்.

‘தீர்வே இல்லை’ என்று சால்வர் திருப்பி அனுப்பினால் எந்த மணியில் சிக்கல் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். யூனிட்டுக்கு 100 ரூபாய் விலையில் ஒரு பொய் மின்நிலையத்தை ஒவ்வொரு முனையிலும் வைத்து ஓட்டுங்கள். அது எந்த மணியில், எங்கே எரிகிறதோ அங்கேதான் பற்றாக்குறை. மின்வெட்டின் விலை என்று அதையே நிலையாக விட்டுவைத்தாலும் தப்பில்லை.

விடை வந்ததும் எல்லோரும் மெகாவாட்டைப் பார்க்கிறார்கள். அதற்கு முன் நிழல் விலையைப் பார்ப்பது நல்லது. குறிப்பிட்ட ஒரு மணியில் இன்னும் 1 மெகாவாட் மணி கேட்டால் மொத்தச் செலவு எவ்வளவு ஏறும் என்பதே அந்த எண். காற்று சீசனில் அது பூஜ்யத்துக்கு இறங்கும். மழைக்கால மாலைகளில் எகிறும். இதை வைத்து ஒரு சோதனை செய்யலாம்: மாடல் கட்டிய சூரிய மின்நிலையம் ஒவ்வொரு மணியும் விற்ற மின்சாரத்தை நிழல் விலையால் பெருக்கிக் கூட்டினால், அதன் ஆண்டுச் செலவுக்குச் சரியாக வர வேண்டும். வரவில்லை என்றால், நாம் விதித்த உச்சவரம்பில் அது முட்டியிருக்கிறது. இல்லையேல் எடையிலோ அலகிலோ பிழை.

ஒரே முனை மாடலில் தெற்குக் கோடியிலுள்ள முப்பந்தல் காற்று தடையின்றிச் சென்னைக்கு வந்துவிடும். நிஜத்தில் கம்பித் தடம் நிரம்பி, காற்றாலையை பேக்டவுன் செய்யச் சொல்வார்கள், அதாவது உற்பத்தியைக் குறைக்கச் சொல்வார்கள். ஆகவே தெற்கு, மேற்கு, வடக்கு என்று குறைந்தது மூன்று முனையாவது வேண்டும். தடத்தின் முழுத் திறனையும் கொடுக்காமல் 70% மட்டும் கொடுப்பது வழக்கம். ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்குவதற்கான இடைவெளி அது. மாடலுக்கு 8,760 மணி நேர வானிலையும் முன்கூட்டியே தெரியும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அடுத்த வாரம் காற்று நிற்கப்போகிறது என்று அறிந்து இன்றே பேட்டரியை நிரப்பிக்கொள்ளும். மின்பகிர்வு மையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அதனால் கிடைத்த கொள்ளளவுகளை நிலையாக்கி, இரண்டு நாள் தொலைவு மட்டும் தெரியும்படி துண்டு துண்டாக மறுபடி ஓட்டி, மின்வெட்டு எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக ஓர் ஓட்டம் மிச்சமிருக்கிறது, பலரும் செய்யாமல் விடுவது. மிகக் குறைந்த செலவைச் சுற்றிப் பள்ளம் தட்டையாகவே இருக்கும்: கலவை நிறைய மாறினாலும் செலவு கொஞ்சம்தான் கூடும். மொத்தச் செலவு 2% வரை கூடலாம் என்று அனுமதித்துவிட்டு, காற்றாலையைக் குறைந்தபட்சமாக்கு என்று ஒரு முறையும், அதிகபட்சமாக்கு என்று ஒரு முறையும் கேளுங்கள். இதற்கான வசதி பைப்ஸாவிலேயே இருக்கிறது. வரும் இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம்தான், நிலம் கிடைக்காவிட்டாலோ ஊரார் எதிர்த்தாலோ திட்டத்தை எவ்வளவு வளைக்கலாம் என்பதன் அளவு.