ஸ்டாக் ரீகான்சிலியேஷன்: நல்லிணக்கமா, நேர்செய்தலா?

வடசென்னையில் மாதவரம், மணலி பக்கத்துக் குடோன்களில் கணினித் திரையைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் அதில் ‘பங்கு நல்லிணக்கம்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பங்காளிச் சண்டையைத் தீர்த்துவைக்கிற பொத்தான் போல என்று ஒருவர் நினைத்தால் அவர்மேல் தப்பில்லை. ஸ்டாக் ரீகான்சிலியேஷனைத்தான் அப்படிப் போட்டிருக்கிறார்கள். ஒரு மென்பொருளோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பயிற்சிக் கையேட்டிலும் விளக்கக் காணொளியிலும் அதே சொல் வரத் தொடங்கிவிட்டது.

முதலில் பொருள். குடோனில் நிஜமாகக் கிடக்கும் சரக்கையும் மென்பொருள் காட்டும் எண்ணையும் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று பிடிக்க வேண்டும். பிறகு அந்தக் காரணத்தைக் குறிப்பிட்டுப் பதிவைத் திருத்த வேண்டும். இவ்வளவும் சேர்ந்ததுதான் ரீகான்சிலியேஷன். லத்தீனில் அதற்குப் பிரிந்தவர்களைத் திரும்பச் சேர்த்துவைப்பது என்று பொருள். கவுன்சிலும் அதே குடும்பம்தான். ஸ்டாக் என்பது பழைய ஆங்கிலத்தில் மரக்கட்டை. இங்கிலாந்தில் கடன் தொகையைக் குச்சியில் வெட்டுக்குறிகளாகப் போட்டு, அதை நெடுக்கப் பிளந்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். குச்சிக்குப் பெயர் டேலி. கடன் கொடுத்தவர் கையில் இருந்த பாதிக்குப் பெயர் ஸ்டாக். இரண்டையும் சேர்த்து வைத்தால் வெட்டுக்கு வெட்டு பொருந்த வேண்டும். அரசுக் கஜானாவே 1826 வரை இதை வைத்திருந்தது. 1834இல் பழைய குச்சிகளை எரிக்கப்போய் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது தனிக் கதை.

இனி நல்லிணக்கத்துக்கு வருவோம். இலங்கையில் போர் முடிந்த பிறகு 2010இல் அமைத்த ஆணைக்குழுவின் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. செய்தித் தமிழில் அது நன்றாக வேரூன்றிவிட்டது. அந்த இடத்தில் அது அருமையான சொல், மறுக்கவில்லை. ஆனால் அது மனிதர்களுக்குள் நடப்பது. இந்தத் தரப்பு கொஞ்சம் இறங்கிவரும், அந்தத் தரப்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஏட்டில் 480 மூட்டை, தரையில் 468 மூட்டை என்றால் என்ன செய்வது? நல்லிணக்கமாக 474 என்று எழுதிக்கொள்வதா? ‘இருப்புச் சமரசம்’ என்று எழுதுகிறவர்களுக்கும் இதே கேள்விதான். கணக்கில் தரைதான் சொல்லும், ஏடு கேட்கும்.

‘பங்கு’ இன்னும் மோசம். பங்குச் சந்தை ஸ்டாக்கும் குடோன் ஸ்டாக்கும் இயந்திரத்துக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கலாம். அதைச் சரிபார்த்த மனிதருக்குமா? பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் பாடத்திலேயே ‘சரக்கிருப்பு’ என்று தெளிவாக இருக்கிறது. சரக்கு என்றால் டாஸ்மாக் நினைப்பு வருகிறதாம், அதனால் தவிர்க்கிறோம் என்கிறார்கள் சிலர். கொருக்குப்பேட்டைக்கு வரும் சரக்கு ரயிலுக்கும் எண்ணூர் சாலையில் வரிசைகட்டும் சரக்கு லாரிக்கும் யாரும் பெயர் மாற்றவில்லை. அரசாங்கமே ‘சரக்கு மற்றும் சேவை வரி’ என்றுதான் வசூலிக்கிறது. பேச்சில் ஒரு சொல்லுக்கு இன்னொரு பொருள் ஏறிவிட்டது என்பதற்காக மூலப் பொருளைக் கைவிட்டால், நாளைக்கு எழுத என்ன மிஞ்சும்? நான் தூய தமிழ்க் கட்சியும் இல்லை. குடோன் என்றுதான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். அதுவே மலாய் வழியாக ஊர்சுற்றிவிட்டு வந்த நம் கிடங்குதான் என்று சொல்வோரும் உண்டு.

அடுத்த போட்டியாளர் ‘ஒத்திசைவு’. இது கேட்கவும் நன்றாக இருக்கிறது, அதனாலேயே ஆபத்தானது. ஒத்திசைவு என்பது சிங்க்: ஒரு மென்பொருளில் ஏறிய எண் மற்றதிலும் ஏறுவது. இரண்டும் சேர்ந்தே தப்பாக இருக்கலாம். சோப்புப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு 24 கட்டி என்று இருந்ததை உற்பத்தியாளர் 20 ஆகக் குறைத்துவிட்டார். பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் அச்சடித்தும் இருக்கிறது. பொருள் பட்டியலில் யாரும் அதை மாற்றவில்லை. 100 பெட்டி இறங்குகிறது. குடோன் மென்பொருள் கட்டிக் கணக்கில் 2,400 என்று ஏற்றுகிறது. கணக்கு மென்பொருள் பெட்டிக் கணக்கில் 100 என்று ஏற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே பிசகே இல்லை, திரையில் பச்சை விளக்கு. தரையில் இருப்பதோ 2,000 கட்டி. இல்லாத 400 கட்டியை ஒத்திசைவு ஒருநாளும் காட்டாது. பெட்டியைப் பிரித்து எண்ணுகிற கை வேண்டும்.

சிங்க்கே பிசகைக் கொண்டுவருவதும் உண்டு. நெட் நடுவில் அறுந்து, போன தகவலையே மென்பொருள் மறுபடி அனுப்பினால், தடுப்பு இல்லாத இடத்தில் ஒரே வரவு இரண்டு முறை ஏறிவிடும். எண்ணூரில் கிளம்பிய லாரி மணலியில் நிற்கும் நேரத்தில் ஒரு திரை ‘போய்விட்டது’ என்கும், இன்னொன்று ‘வரவில்லை’ என்கும். அது தப்பே இல்லை, வழியில் இருக்கும் சரக்கு. எத்தனை மணி வரைக்குமான கணக்கு என்று கோடு போடாமல் ஒப்பிட்டால் இதையும் பற்றாக்குறை என்று எழுதி, ஸ்டோர் கீப்பர் தலையில் கட்டிவிடுவார்கள்.

சரி, அப்படியானால் என்ன சொல்வது? ‘சரிபார்ப்பு’ பாதி வேலையைத்தான் சொல்கிறது. பார்த்த பிறகு என்ன செய்தாய் என்பது அதில் இல்லை. பாடநூல் வழி ‘சரிகட்டல்’. வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று படித்தவர்களுக்கு இது பழகிய சொல். இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் தண்டையார்பேட்டையில் ஒருவரிடம் ‘சரிக்கட்டிட்டேன்’ என்று சொல்லிப் பாருங்கள், யாருக்கு எவ்வளவு கொடுத்தாய் என்றுதான் கேட்பார். தணிக்கையாளர் முன்னால் ‘இருப்பைச் சரிக்கட்டினோம்’ என்று சொல்ல எனக்கு நா எழாது. கம்பெனிகளுக்கான தணிக்கையாளர் அறிக்கை ஆணை 2020 பொருந்தும் இடங்களில், ஒரு வகைச் சரக்கில் மொத்தமாக 10 சதவீதமோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்தால், அது ஏட்டில் முறையாகக் கையாளப்பட்டதா என்று அவர் எழுதியாக வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தின் தடயத்தையும் தேதியோடு வைத்திருக்க வேண்டும். காணாமல் போன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவையும், அதாவது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டிக்காகக் கழித்துக்கொண்ட தொகையையும், திருப்ப வேண்டும். இவ்வளவு கண்காணிப்பில் நடக்கும் வேலைக்குப் பூசிமெழுகுகிற வாடை அடிக்கும் பெயர் எதற்கு?

என் வாக்கு ‘நேர்செய்தல்’ பக்கம். நேர் என்றால் ஒப்பு, சமம். தனக்கு நேர் இல்லாதவன் என்கிறோமே, அந்த நேர். கோணல் இல்லாததும் நேர்தான், நேர்மையும் அதில் பிறந்ததுதான். அலுவலகக் கணக்கில் ‘நேர் செய்யப்பட்டது’ என்று எழுதுகிற பழக்கமும் இருக்கிறது. ஆகவே, சரக்கிருப்பு நேர்செய்தல். சுருக்கமாக, இருப்பு நேர்செய்தல். (இருப்புப்பாதையின் இருப்பு இரும்பு, அது வேறு.)

பேச்சில் ‘டேலி ஆகல’ என்றே சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. பலர் அதை 1986இல் தொடங்கிய பெங்களூர் நிறுவனத்தின் ‘டேலி’ கணக்கு மென்பொருளோடு வந்த சொல் என்று நினைக்கிறார்கள். கப்பலில் இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கிற டேலி கிளார்க்குகள் அதற்கு வெகுகாலம் முன்பே துறைமுகங்களில் உண்டு. ராயபுரத்துப் பெரியவர்களுக்கு டேலி ஒரு வேலையின் பெயர்.

மொழிபெயர்ப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: ஒரு ஸ்டோர் கீப்பரிடம் பத்து நிமிஷம் பேசுங்கள். அதே தமிழ்த் திரையில் சைக்கிள் கவுண்ட் ‘மிதிவண்டி எண்ணிக்கை’ ஆகியிருக்கிறது. ஆண்டுக் கடைசியில் குடோனை மூடிவைத்து மொத்தத்தையும் எண்ணாமல், வாரம் சில அடுக்கு என்று மாற்றி மாற்றி எண்ணும் முறை அது. ‘சுற்று எண்ணிக்கை’ என்று போட்டால் போதும்.