கோப்புப் பெயரில் ஒரு ‘&’

நாங்கள் எழுதிக்கொடுத்த பில்லிங் சாஃப்ட்வேரில் ஒரு விசித்திரமான புகார் வந்தது. எல்லா பில்லும் பிடிஎஃப்பிலிருந்து படமாக மாறுகிறது, ஒரு ஜவுளிக்கடையின் பில் மட்டும் மாறவில்லை, எரரும் காட்டவில்லை. கோப்பின் பெயரைக் கேட்டு வாங்கிப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கடைப் பெயர் ‘& சன்ஸ்’ என்று முடிந்திருந்தது.

படமாக்கும் வேலையை எங்கள் சி நிரல் செய்யவில்லை, தனியாக ஒரு கமாண்ட் லைன் கருவி செய்தது. கருவியின் பெயர், உள்ளே போகும் கோப்பு, வெளியே வரும் கோப்பு மூன்றையும் எஸ்பிரிண்ட்எஃப் போட்டு ஒரே ஸ்ட்ரிங்காக ஒட்டி, வெளி நிரலை ஓட்டிக்கொடுக்கும் சிஸ்டம் ஃபங்ஷனிடம் கொடுத்திருந்தோம். எழுதியது நான்தான், வேறு யார் தலையிலும் போட முடியாது.

சிஸ்டம் அந்த ஸ்ட்ரிங்கைக் கருவியிடம் நேராகக் கொடுப்பதில்லை. லினக்ஸிலும் மேக்கிலும் கட்டளை வரியைப் படித்து ஓட்டும் ஷெல்லிடம் கொடுக்கிறது, விண்டோஸில் அதே வேலை செய்யும் சிஎம்டியிடம். ஷெல்லுக்கு & என்றால், இதுவரை உள்ளதைப் பின்னணியில் ஓடவிட்டு மீதியைத் தனிக் கட்டளையாக எடுத்துக்கொள் என்று பொருள். அது சொன்னபடியே செய்தது. பாதிப் பெயரோடு கருவியைக் கிளப்பியது, ‘சன்ஸ்.பிடிஎஃப்’ என்றொரு நிரலைத் தேடியது, கிடைக்காமல், ‘கட்டளை இல்லை’ என்பதற்கான 127 என்ற எண்ணைத் திருப்பியது. நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் 127 என்று கண்ணில் பட்டிருக்காது. லினக்ஸில் சிஸ்டம் திருப்புவது, நிரல் எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்துக் கட்டிய வெயிட் நிலை எண், அதில் 127 என்பது 32512 ஆக வரும். அதற்கென்று உள்ள மேக்ரோவால் பிரித்தால்தான் உண்மையான எண் தெரியும்.

இந்த & பாவம், ஒரு குடும்பக் கடையின் பெயர். அதே இடத்தில் அரைப்புள்ளி போட்டு அழிக்கும் கட்டளை ஒன்றை எழுதிப் பெயர் வைத்து, யாராவது நம் வெப்சைட்டில் கோப்பை ஏற்றினால்? பெயரே கட்டளையாக ஓடும், அதுவும் நம் சர்வரின் அனுமதியோடு.

“பெயரை மேற்கோளுக்குள் போட்டுவிட்டால் போச்சு” என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஷெல்லில் இரட்டை மேற்கோளுக்குள்ளும் டாலர் குறி உயிரோடுதான் இருக்கிறது, பின்னால் வருவதை மாறியின் பெயர் என்று எடுத்து அதன் மதிப்பைப் போட்டுவிடும். ஒற்றை மேற்கோள் போட்டால், பெயரில் ஓர் அபாஸ்டிரஃபி வந்ததும் கதை முடிந்தது. சிஎம்டிக்கு ஒற்றை மேற்கோள் என்றால் என்னவென்றே தெரியாது, இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும் சதவீதக் குறியையும் அது விரித்துவிடும். இன்னொரு கூத்தும் உண்டு. நிரலின் பாதைக்கு ஒரு ஜோடி மேற்கோள், கோப்புக்கு ஒரு ஜோடி என்று ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தால், சிஎம்டி முதல் மேற்கோளையும் கடைசி மேற்கோளையும் கழற்றி எறிந்துவிட்டு, ‘சி:\புரோகிராம்’ என்று ஒரு கட்டளை இல்லை என்று முகத்தில் அடிக்கும். எல்லாவற்றையும் சுற்றி மூன்றாவதாக ஒரு ஜோடி போட்டால்தான் அடங்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மதியம் முழுக்கப் போனது.

சரி, வழி என்ன? ஷெல்லை நடுவில் விடாமல் இருப்பதுதான். லினக்ஸ், மேக்கில் ஃபோர்க் செய்து, அதாவது நம் நிரலின் ஒரு பிரதியை உண்டாக்கி, அந்தப் பிரதியின் இடத்தில் கருவியை ஓட்டும் எக்ஸெக்விபியைக் கூப்பிடலாம், அல்லது இரண்டையும் சேர்த்துச் செய்யும் பாசிக்ஸ் ஸ்பான். இரண்டிலும் ஆர்க்யுமென்ட்களை, அதாவது கருவிக்குக் கொடுக்கும் கோப்புப் பெயர் போன்றவற்றை, தனித்தனியாக ஓர் அரேயில் தருகிறோம், கருவிக்கு அவை அப்படியே போய்ச் சேரும். அப்புறமும் ஒன்றே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயர் ஹைஃபனில் தொடங்கினால் கருவி அதை ஆப்ஷன் என்று நினைத்துக்கொள்ளும். முன்னால் ./ சேர்த்துவிடுங்கள்.

ஃபோர்க் செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எக்ஸெக் தோற்றால் அது அடுத்த வரிக்குத் திரும்பி வரும். அங்கே அன்டர்ஸ்கோர் எக்ஸிட் போடாவிட்டால், உங்கள் நிரலின் இரண்டு பிரதிகள் ஒரே வேலையைத் தொடர்ந்து செய்யும், ஒரே பில் இரண்டு முறை போகும். சாதாரண எக்ஸிட் போட்டாலும் தப்புதான், பஃபரில் கிடக்கும் எழுத்துகள் இரண்டு முறை அச்சாகும்.

விண்டோஸில் இந்த அரே வசதி கிடையாது. அங்கே நிரலைக் கிளப்பும் கிரியேட்புராசஸ் வாங்குவது ஒரே ஸ்ட்ரிங், அதிகபட்சம் 32,767 எழுத்து. அதைத் துண்டு போடுவது ஓடப்போகும் நிரலின் பொறுப்பு. பெரும்பாலும் அதனோடு சேர்ந்து வரும் துணை நிரலான சி ரன்டைம் அந்த வேலையைச் செய்கிறது, அதன் விதியில் மேற்கோளுக்கு முன் வரும் பேக்ஸ்லாஷுக்கு மட்டும் தனி அர்த்தம். "டி:\பில்கள் 2\" என்று மேற்கோளுக்குள் ஒரு ஃபோல்டரைக் கொடுத்துப் பாருங்கள். கடைசி பேக்ஸ்லாஷ் மூடும் மேற்கோளை விழுங்கிவிடும், பின்னால் வரும் ஆர்க்யுமென்ட்களும் அதே ஃபோல்டர் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். மேற்கோளுக்கு முன் வரும் ஒவ்வொரு பேக்ஸ்லாஷையும் இரட்டிப்பாக்க வேண்டும். விண்டோஸிலும் ஸ்பான்விபி என்ற ஃபங்ஷன் அரே வாங்குகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். அது நடுவில் ஸ்பேஸ் போட்டு ஒட்டுவதோடு சரி, மேற்கோள் போடாது.

ஓடுவது, கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த பேட்ச் கோப்பாக இருந்தால் இந்த விதியும் செல்லாது. விண்டோஸ் சத்தமில்லாமல் சிஎம்டியை நடுவில் கொண்டுவந்துவிடும். 2024 ஏப்ரலில் ரஸ்ட் மொழியின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியே இதில்தான் சிக்கியது. பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியலில் சிவிஇ-2024-24576 என்று பதிவான அந்த ஓட்டைக்கு 10க்கு 10 தீவிரம் கொடுத்தார்கள், 1.77.2 பதிப்பில் அடைத்தார்கள். பாதுகாப்பே பிரதானம் என்று கட்டிய மொழிக்கே அந்த நிலை. வெளியிலிருந்து வரும் பெயரைப் பேட்ச் கோப்புக்கு ஆர்க்யுமென்டாகக் கொடுப்பதையே நான் நிறுத்திவிட்டேன்.

இதையெல்லாம் சரிசெய்து சில மாதம் கழித்து அடுத்த புகார். பெரிய பிடிஎஃப் போட்டால் நிரல் அப்படியே நின்றுவிடுகிறது, சிபியு பூஜ்யம். நிரல் எந்த சிஸ்டம் அழைப்பில் நிற்கிறது என்று காட்டும் ஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தேன். கருவி, எரர் வெளியீட்டில் ஒரு ரைட் அழைப்பில் நின்றிருந்தது. எங்கள் நிரல், சாதாரண வெளியீட்டில் ஒரு ரீட் அழைப்பில். கருவி எழுதுவதை எங்கள் நிரலுக்குக் கொண்டுவரும் குழாய்தான் பைப், சாதாரண வெளியீட்டுக்கு ஒன்று, எரருக்கு ஒன்று. லினக்ஸ் பைப்பில் வழக்கமாக 64 கேபி தான் பிடிக்கும். அந்த பிடிஎஃப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஃபான்ட் இல்லை என்று கருவி எச்சரித்துக்கொண்டே இருக்க, யாரும் படிக்காத எரர் பைப் நிரம்பிவிட்டது. நீ முதலில், இல்லை நீ முதலில் என்று இரண்டும் வாசலிலேயே நின்றுவிட்டன. எங்கள் சோதனைக் கோப்புகள் எல்லாம் இரண்டு பக்கம், மூன்று பக்கம், அதனால் இது வெளியே தெரியவே இல்லை.

இரண்டு பைப்பையும் ‘போல்’ (poll) என்ற அழைப்பால் ஒருசேரக் கவனிக்க வேண்டும். விண்டோஸில் சாதாரண பைப்புக்கு அது நடக்காது, பைப்புக்கு ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை) விடுங்கள். எச்சரிக்கை தேவையே இல்லை என்றால் எரர் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிடலாம், நான் கடைசியில் செய்தது அதுதான். பைப்பின் எழுதும் முனையைப் பெற்றோர் நிரலில், அதாவது கருவியைக் கிளப்பிய நம் நிரலில், மூட மறந்தாலும் இதே போலத் தொங்கும், முடிவு என்ற சேதியே வராது. பல த்ரெட் உள்ள நிரலென்றால் பைப் திறக்கும்போதே, புது நிரல் கிளம்பும்போது முனையைத் தானாக மூடும் குளோஸ்-ஆன்-எக்ஸெக் கொடியையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வேறொரு த்ரெட் கிளப்பிய நிரல் அந்த முனையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இவ்வளவையும் கையால் எழுத வேண்டியதில்லை. ஜிலிப், லிப்யுவி என்ற சி லைப்ரரிகள் இரண்டிலும் இதற்கான ஃபங்ஷன்கள் இருக்கின்றன. எதை எடுத்தாலும், எங்கள் சோதனை ஃபோல்டரில் இருப்பது போன்ற கோப்புகளை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: ஸ்பேஸ் உள்ள பெயர், அபாஸ்டிரஃபி உள்ளது, சதவீதக் குறி உள்ளது, ஹைஃபனில் தொடங்குவது, தமிழில் எழுதியது, எச்சரிக்கை கொட்டும் 400 பக்க பிடிஎஃப் ஒன்று. அந்த ஜவுளிக்கடை பில்லும் அங்கேதான் இருக்கிறது.