உலர்ந்த செடியும் அதன் சீட்டும்

பல்கலைக்கழக ஹெர்பேரியத்தில், அதாவது உலர்செடித் தொகுப்பகத்தில், பாடம் செய்து வைத்த செடிக்கு ஆய்வு மதிப்பைத் தருவது, செடியைப் பொருத்திய தாளின் கீழ் மூலையில் ஒட்டப்பட்ட சிறு சீட்டுதான். சேகரித்தவர், நாள், இடம், உயரம் ஆகியவை அதில் இல்லையெனில், செடியின் பெயர் தெரிந்தும் பெரும்பயன் இல்லை.

ஆங்கிலத்தில் ஷெவராய்ஸ் எனப்படும் சேர்வராயன் மலையில் இது நன்கு புலப்படும். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. அடிவாரத்தில் முட்புதர்க் காடு. மேலே பசுமைமாறாச் சோலை. 1820களில் தொடங்கிய காப்பிப் பயிர் அச்சோலைகளில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டதால், வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என இம்மலையின் பெயரையே தாங்கிய அரிய மரம் எங்கெல்லாம் வளர்ந்தது என்பதற்குப் பழைய தாள்களே உறுதியான சான்று.

அத்தாள்களை அரிப்பவை ஈரத்தில் வளரும் பூஞ்சையும், புகையிலையைத் தின்னும் சிகரெட் வண்டும். முன்பு மெர்க்குரிக் குளோரைடு பூசினார்கள். அந்த நஞ்சு இன்றும் தாளில் இருக்கும் என்பதால் கையுறையின்றிப் பழைய தாள்களைத் தொடக் கூடாது. இப்போது தாள்களைப் பாலித்தீனில் காற்றுப்புகாமல் கட்டி, சுழியத்துக்குக் கீழ் 20 டிகிரி செல்சியஸ் அல்லது அதைவிடக் குறைந்த குளிரில் ஒரு வாரம் போல வைக்கிறார்கள். வெளியே எடுத்தபின் அறைவெப்பநிலைக்கு வரும்வரை கட்டைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த இலையில் நீராகப் படியும்.

தாள்களைக் கணினிப் பதிவாக்கும் மின்னுருவாக்கத்தில் எளிய பகுதி படமெடுப்பதுதான். பார்கோடு ஒட்டி, அளவுகோலும் நிற அட்டையும் உடன்வைத்து, இலையின் நரம்பமைப்பு தெரியும் நுணுக்கத்தில் தாளைப் பதிவுசெய்கிறார்கள். படம் கிடைத்துவிட்டதென்று தாளைக் கைவிடலாகாது. டிஎன்ஏ பிரித்தெடுக்க இலைத்துணுக்கு வேண்டும்.

பொறுமை தேவைப்படுவது சீட்டைப் படிப்பதற்கே. மங்கிய கையெழுத்தில் 'ஷெவராய்ஸ், 4,500 அடி' என்று மட்டும் இருந்தால், அதை ஏறத்தாழ 1,370 மீட்டராக மாற்றி, அவ்வுயரம் அமையும் சரிவுகளைப் பழைய நிலப்படத்தில் தேடி, அட்சரேகை, தீர்க்கரேகையோடு எத்தனை கிலோமீட்டர் பிழைக்கு இடமுண்டு என்பதையும் எழுத வேண்டும். என் கருத்தில், அந்தப் பிழையளவை எழுதாமல் ஒற்றைப் புள்ளியை மட்டும் தருவது, இடத்தைக் குறிப்பிடாமல் விடுவதைவிடத் தீங்கானது. ஏனெனில் அந்தப் புள்ளி முட்புதர்க் காட்டில் விழுந்தால், சோலைச் செடி அங்கு வளர்ந்ததாகவே பின்வருவோர் கணக்கிடுவார்கள்.

இவ்வாறு சரிபார்த்த விவரங்கள் டார்வின் கோர் எனும் பொதுவடிவத்தில் ஜிபிஐஎஃப் போன்ற பன்னாட்டு உயிரினத் தரவுத்தளங்களுக்குச் செல்கின்றன. விற்பனைக்காகப் பறிக்கப்படும் ஆர்க்கிட்டுகள் போன்ற செடிகளுக்கு, துல்லியமான இடத்தைப் பொதுப்பதிவில் மறைத்து, தக்க காரணத்தோடு கேட்கும் ஆய்வாளருக்கு மட்டும் தருவதே முறை.