சென்சார்ட் டேட்டா: தமிழில் என்ன சொல்வது?

புள்ளியியலில் ‘சென்சார்ட் டேட்டா’ என்றால் பாதி தெரிந்த அளவு. சரியான எண் தெரியாது. ஆனால் அது எதற்கு மேல், அல்லது எதற்குக் கீழ் என்பது நிச்சயமாகத் தெரியும்.

வங்கிக் கவுன்டரில் ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டு இருக்கிறோம் என வைத்துக்கொள்வோம். நான்கு பேர் வேலையை முடித்துவிட்டார்கள்: 3, 5, 4, 8 நிமிடங்கள். ஐந்தாமவர் 10 நிமிடமாக நிற்கிறார், இன்னும் முடியவில்லை. அதற்குள் நாம் கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. ‘பத்துக்கு மேல்’ என்ற அந்தக் கடைசிக் குறிப்புதான் சென்சார்ட்.

அவரை விட்டுவிட்டால் சராசரி 5 நிமிடம். பத்தையே முழு நேரமாக எழுதிவிட்டால் 6. இரண்டு வழியும் சராசரியைக் குறைத்தே காட்டும். நீண்ட வேலைதான் பாதியில் அகப்பட்டுக்கொள்ளும் என்பதால், முடியாதவர்களை நீக்கினால் நீண்ட நேரங்களைத்தான் பொறுக்கி எறிகிறோம். சேவை நேரம் எக்ஸ்பொனென்ஷியல் பரவலைச் சேர்ந்தது, அதாவது ஏற்கெனவே எவ்வளவு நேரம் ஆகியிருந்தாலும் அடுத்த நிமிடத்தில் முடியும் வாய்ப்பு மாறாது என்று கொண்டால், மொத்த 30 நிமிடத்தை வேலை முடிந்த 4 பேரால் மட்டும் வகுக்க வேண்டும்: 7.5. பரவல் எப்படிப்பட்டது என்றே தெரியாதபோது, 1958-இல் காப்லான், மையர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தந்த மதிப்பீட்டு முறை கைகொடுக்கும்.

சொல்லின் வேர் லத்தீன். ‘சென்செரே’ என்றால் மதிப்பிடுதல். பழைய ரோமில் குடிமக்களையும் சொத்தையும் கணக்கெடுத்த அதிகாரி ‘சென்சார்’. ‘சென்சஸ்’ இதன் உடன்பிறப்பு. ஒழுக்கத்தைக் கண்காணிப்பதும் அவர் பொறுப்பு. நூலையும் நாடகத்தையும் வெட்டும் பொருள் அந்த வழியில் வந்தது. புள்ளியியலில் இந்தச் சொல்லை 1949-இல் டென்மார்க் புள்ளியியலாளர் ஆண்டர்ஸ் ஹால்ட் எழுதினார். அதை அவருக்குப் பரிந்துரைத்தவர் கணித அறிஞர் ஜான் கெரிச். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் அடைபட்டிருந்த நாள்களில் நாணயத்தை 10,000 முறை சுண்டிப் பார்த்த அதே கெரிச்தான்.

தமிழில் உடனே நாக்கில் வருவது ‘தணிக்கை’. எனக்கு அது பிடிக்கவில்லை. தணிதலோடு உறவு இருப்பதுபோல் ஒலித்தாலும், தணிக்கை அரபி ‘தன்கீஹ்’ வழியாக வந்த சொல். தெலுங்கின் ‘தனிகீ’யும் அதே குடும்பம்தான். பொருள் ஆய்வு, சோதனை. கணக்குத் தணிக்கைக்குப் பொருந்தும், திரைப்படத்துக்கும் சரி. இங்கே யாரும் எதையும் சோதிக்கவில்லை, வெட்டவும் இல்லை.

‘முடிவறியாத் தரவு’ எனலாம். ஆனால் ‘இவ்வளவுக்குக் கீழ்’ என்று மட்டும் தெரிந்த அளவுகளும் உண்டு, அவற்றுக்கு அது ஒட்டாது. எல்லை தெரியும், மதிப்பு தெரியாது என்பதே பொதுத்தன்மை. ஆகவே ‘எல்லையறி தரவு’ என்பதே என் தேர்வு. ‘துண்டிப்பு’ என்பதை ‘ட்ரங்கேஷனு’க்கு விட்டுவிடலாம். அதில் எல்லைக்கு வெளியே இருப்பவை பதிவேட்டிலேயே ஏறாது. அப்படி ஒருவர் இருந்தார் என்பதுகூடத் தெரியாது.

கால் சென்டரில் இது திருப்பிப் போட்டாற்போல் வரும். அங்கே அளக்க விரும்புவது, அழைப்பவர் எவ்வளவு நேரம் பொறுத்திருந்துவிட்டு இணைப்பை வைத்துவிடுவார் என்பதை. 40 நொடி காத்திருந்து இணைப்புக் கிடைத்தவரின் பொறுமை 40 நொடிக்கு மேல். அதுவும் எல்லையறி தரவு. இஸ்ரேலிய வங்கி ஒன்றின் அழைப்புகளை ஆராய்ந்து 2005-இல் வெளியான கட்டுரையில், சேவை நேரம் மேலே நாம் கொண்ட எக்ஸ்பொனென்ஷியலுக்கு அல்ல, லாக்நார்மல் பரவலுக்கு (மடக்கை, அதாவது லாக், எடுத்தால் மணி வடிவம் தருவது) நன்றாகவே பொருந்தியது. ஆனால் 10 நொடிக்கும் குறைவான அழைப்புகள் ஏராளம். காரணம், கொஞ்சம் ஓய்வு வேண்டி ஊழியர்களே இணைப்பைத் துண்டித்திருந்தார்கள்.