விண்டோஸில் மட்டும் காணாமல் போன சிகரம்

எண் தரவைக் கோட்டுப் படங்களாக வரைந்து தரும் திறமூல நிரலகம் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) ஒன்றின் பராமரிப்பில் சில ஆண்டுகளாகப் பங்கெடுத்து வருகிறேன். நிரல் பாதியில் நின்றுபோனால் எனக்கு அவ்வளவு கவலை இல்லை. பிழைச் செய்தி வரும், இடம் தெரிந்துவிடும். சத்தமில்லாமல் தவறான படத்தை வரைந்து கொடுத்துவிட்டால்தான் பயம். அதை நம்பி யாரோ ஒருவர் முடிவெடுத்துவிடுவார்.

ஒரு பயனர் இரண்டு படங்களை அனுப்பியிருந்தார். ஒரே தரவு, ஒரே நிரல், ஒரே பதிப்பு. லினக்ஸில் 50,000, 70,000 என்ற உயரங்களில் இரண்டு சிகரங்கள். விண்டோஸில் 70,000 அப்படியே நிற்கிறது. 50,000 இருந்த இடம் சமதளம். என் கணினி லினக்ஸ். எத்தனை முறை ஓட்டினாலும் படம் சரியாகவே வந்தது.

எழுத்துரு, திரை அளவீடு, சாளர அடுக்கு என்று விண்டோஸ் மீது வழக்கமாக விழும் சந்தேகங்களில் இரண்டு நாள் போனது. பிறகுதான் சாளரமே திறக்காமல் நேராகப் பிஎன்ஜி படக் கோப்பாக எழுதிப் பார்க்கச் சொன்னேன். அதிலும் சிகரம் இல்லை. இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். திரைக்குப் போகும் முன்பே தரவு கெட்டுவிட்டது என்பது உறுதியாயிற்று.

ஒவ்வொரு கட்டத்திலும் எண்களை அச்சிட்டுப் பார்த்தோம். வரைவதற்கு முன், நெருக்கமான புள்ளிகளைக் களைந்து கோட்டை எளிமையாக்கும் படி ஒன்று உண்டு. இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவின் வர்க்கம் ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் புள்ளி நீக்கப்படும். அங்கே 50,000-இன் வர்க்கமாக −1,79,49,67,296 என்று வந்திருந்தது.

வர்க்கம் எதிர்மமாக வருகிறது என்றால் எண்ணுக்கு இடம் போதவில்லை. 32 பிட் (0, 1 என்ற 32 இலக்கங்கள்) இடத்தில் சேமிக்கும் முழு எண்ணில் அடங்கும் உச்சம் 2,14,74,83,647. 46,340-இன் வர்க்கம் வரை அதில் அடங்கும். 46,341 ஆனதும் சுற்றிக்கொண்டு எதிர்மப் பக்கம் போய்விடும். எதிர்ம எண் எந்த எல்லைக்கும் கீழேதானே? வெகு தொலைவில் இருந்த புள்ளியை 'மிக அருகில் இருக்கிறது' என்று நிரல் தூக்கி எறிந்துவிட்டது. 70,000-இன் வர்க்கமோ ஒரு முழுச் சுற்றையும் தாண்டி மறுபடி நேர்ம எண்ணாக வந்து விழுந்ததால் தப்பித்தது. இரண்டு சிகரங்களும் காணாமல் போயிருந்தால் இன்னும் சீக்கிரம் புரிந்திருக்கும்.

விண்டோஸில் மட்டும் ஏன்? சி மொழியின் 'லாங்' வகை 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் 64 பிட். 64 பிட் விண்டோஸிலும் அது 32 பிட்தான். பைத்தான் மொழியில் எண் கணக்குகளுக்கு நாங்கள் பயன்படுத்தும் நம்பை (NumPy) நிரலகம், முழு எண்ணுக்கான இயல்பு வகையாக இந்த 'லாங்'கையே வைத்திருந்தது. 2024 ஜூனில் வந்த 2.0 பதிப்பில்தான் 64 பிட் விண்டோஸிலும் 64 பிட்டுக்கு மாறியது. பயனரிடம் இருந்தது பழைய பதிப்பு. அணிகளில் (எண்களின் வரிசைகளில்) முழு எண் நிரம்பி வழிந்தால் நம்பை எச்சரிப்பதும் இல்லை. பழைய பதிப்பை இன்னும் ஓட்டுபவர்கள், தரவைப் படிக்கும்போதே எண் வகையை வெளிப்படையாக 64 பிட் என்று குறிப்பிடுங்கள்.

காரணம் தெரிந்தபின் விண்டோஸ் கணினியே தேவைப்படவில்லை. லினக்ஸிலேயே தரவை 32 பிட் என்று கட்டாயப்படுத்தினேன், சிகரம் மறைந்தது. திருத்தம் ஒரே வரி: வர்க்கம் எடுக்கும் முன் தசம எண்ணாக மாற்றுவது. எங்கள் தானியங்கிச் சோதனைகள் விண்டோஸிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் அவற்றில் இருந்தவை எல்லாம் நூறைத் தாண்டாத எண்கள். இப்போது 46,341-ஐ 32 பிட்டாகவே கொடுக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. திருத்தத்தை நீக்கினால் மூன்று இயங்குதளங்களிலும் அது தோற்கும்.