தோள் பொருந்தாத சட்டையை வாங்காதீர்கள்

சென்ற சனிக்கிழமை மாலை, கடையைச் சாத்தும் நேரத்தில், ஓர் இளைஞர் நான்கு பைகளுடன் வந்து நின்றார். திங்கட்கிழமை புதிய வேலையில் சேர்கிறாராம். ஏழு சட்டைகள், நான்கு கால்சட்டைகள், இரண்டு கோட்டுகள். மலிவு விற்பனையில் தம் அளவு கிடைக்காததால் எல்லாவற்றையும் ஓர் அளவு பெரிதாக வாங்கியிருந்தார். "அக்கா, எல்லாத்தையும் கொஞ்சம் பிடிச்சுக் கொடுத்திடுங்க" என்றார். முதல் சட்டையைப் போட்டுக் காட்டச் சொன்னேன். தோள் தையல், தோள் எலும்பின் முனையைத் தாண்டி ஒன்றரை அங்குலம் கீழே இறங்கிக் கிடந்தது. சிங்கப்பூரின் தேக்கா நிலையத்தின் இரண்டாம் தளத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தைத்து வரும் நான், இந்த ஆண்டில் மட்டும் இப்படி வந்த பைகளை எண்ணுவதையே விட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரிதாக வாங்கினால் பிடித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பள்ளிச் சீருடைக் காலத்திலேயே நம் வீடுகளில் வேரூன்றிவிடுகிறது. வளரும் பிள்ளைக்கு அது சரி. வளர்ந்து முடிந்தவருக்குச் சரியில்லை. பக்கத் தையலைப் பிடிக்கலாம், இடுப்பைக் குறைக்கலாம், காலின் நீளத்தை மடித்துத் தைக்கலாம். தோள் அப்படியல்ல. தோளைக் குறைக்க வேண்டுமானால் முதலில் கையையே கழற்ற வேண்டும். கை பொருந்தும் வளைவைப் புதிதாக வெட்ட வேண்டும். வளைவு மாறியதும் கையின் மேற்பகுதியையும் அதற்கேற்பச் செதுக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு பார்த்தால், சட்டைப்பை அக்குள் பக்கமாக ஒதுங்கி நிற்கும். கோட்டிலோ உள்துணியும் தோள் பஞ்சும் சேர்ந்துகொள்வதால், மலிவு விற்பனையில் மிச்சப்படுத்திய பணத்தைவிடத் தையற்கூலி கூடிவிடும். ஆகவே கடையில் போட்டுப் பார்க்கும்போது முதலில் தோளைப் பாருங்கள். தையல் எலும்பின் முனையில் உட்காரவில்லை என்றால், எத்தனை விழுக்காடு தள்ளுபடி என்றாலும் திரும்ப மாட்டிவிட்டு வாருங்கள்.

அந்த இளைஞர் இவற்றையெல்லாம் தவணையில் வாங்கியிருந்தார் என்பது என்னை இன்னும் வருத்தியது. சம்பளக் காலம் முடிந்து ஏழு நாள்களுக்குள் சம்பளம் தர வேண்டும் என்பது இங்குள்ள வேலை நியமனச் சட்டம். மாதக் கணக்கில் சம்பளம் பெறுபவர் 1ஆம் தேதி வேலைக்குச் சேர்ந்தால், முதல் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதி வரைகூடத் தள்ளிப்போகலாம். தவணை அதற்கு முன்பே கழுத்தைப் பிடிக்கும். சேரும் முன் அலுவலகத்தைத் தொடர்புகொண்டு, "அங்கே என்ன உடுத்துகிறார்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த இரண்டு கோட்டுகளையும் அவர் வாங்கியிருக்கவே மாட்டார்.

முதல் மாதத்திற்கு மூன்று மேலாடைகளும், கருநீலத்தில் ஒன்றும் சாம்பல் நிறத்தில் ஒன்றுமாக இரண்டு கால்சட்டைகளும், ஒரு சோடிக் காலணியும் போதும். மற்றவற்றைச் சம்பளம் வந்த பிறகு, சக ஊழியர்கள் உடுத்துவதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வெயிலில் நடந்து வியர்த்துவிட்டு நாள் முழுக்கக் குளிரூட்டிய அறையில் உட்காருபவர்களுக்கு முழு பாலியஸ்டர் ஆகாது. பருத்தி கலந்ததாகப் பாருங்கள்.

அதற்கும் முன், உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். ஆட்குறைப்புக்குப் பிறகோ, பெற்றோரைப் பார்த்துக்கொள்ளப் பல ஆண்டுகள் வீட்டில் இருந்த பிறகோ வேலைக்குத் திரும்பும் பலர், பழைய உடை இறுக்கமாகிவிட்டது என்று அப்படியே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஆண்களின் கால்சட்டையில் பின்பக்க நடுத்தையலின் உள்ளே பெரும்பாலும் ஓர் அங்குலத் துணியாவது மடங்கியிருக்கும். சுடிதார் மேலாடையின் பக்கத் தையலிலும் பல நேரங்களில் பிரித்துவிட இடம் இருக்கும். உள்பக்கத்தைத் திருப்பி நீங்களே பார்க்கலாம். வெளுத்துப்போன துணியில் பழைய தையல் கோடு தெரியும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஓரம் தேய்ந்த காலரைக் கழற்றித் திருப்பித் தைக்கும் பழைய வழக்கத்தை இன்றும் செய்து தருகிறேன். இப்போது யாரும் கேட்பதில்லை. நல்ல சட்டைகள் வீணாகின்றன.

பிறர் உடுத்தியதை வாங்கத் தயங்குபவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன், வெட்கப்படாதீர்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டில் சிங்கப்பூர் மாதர் அமைப்புகள் மன்றம் நடத்தும் 'நியூ டூ யூ' கடையிலும், இரட்சணிய சேனையின் கடைகளிலும் நல்ல துணிகள் கிடைக்கின்றன. அக்குளில் மஞ்சள் கறை இருக்கிறதா, காலரில் குமிழ் எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். கால்சட்டையின் தொடைப் பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துணி ஊடாக வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது இன்னும் சில மாதங்களுக்குத்தான் தாங்கும்.

தையலுக்குக் கொடுக்கும் முன் பருத்தித் துணியை ஒருமுறை துவைத்துவிடுங்கள். துவைக்காமல் கொடுத்துவிட்டுச் சுருங்கிப்போன பிறகு என்னிடம் கோபிக்கிறார்கள். கால் நீளம் குறிக்க வரும்போது, வேலைக்குப் போடப்போகும் காலணியுடன் வாருங்கள். செருப்புடன் வந்தால் அளவு தவறும்.

அந்த இளைஞர் விலைச்சீட்டைக் கிழிக்காமல் வைத்திருந்த ஐந்து சட்டைகளையும் கோட்டுகளையும், இரசீதுடன் திருப்பிக் கொடுத்துக் கேட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். இரண்டு கால்சட்டைகளை இரவு ஒன்பதரை மணிக்கு முடித்துக் கொடுத்தேன். நீங்கள் எங்கே வாங்கினாலும், சீட்டைக் கிழிக்கும் முன் உங்கள் தையற்காரரிடம் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். பார்த்துச் சொல்வதற்கு நான் காசு வாங்குவதில்லை.